கோடு கிழித்தவர் யார்?

தெருவில் விளக்கில்லையா? தலையெழுத்து. குழாயில் நீரில்லையா? தலையெழுத்து. குப்பை மலைபோல் குவிந்து கிடக்கிறதா? அதுவும் தலையெழுத்து. இப்படிச் சொல்லிச் சொல்லியே சோர்ந்து கிடந்த மக்களை நாம் அறிவோம். எழுதியது யார், எந்தக் கையால், எந்த மையால் என்று கேட்டவனை அவர்கள் வம்புக்காரன் என்றனர். நாம் கேட்கிறோம். கேட்டுப் பார்த்தால் பல வேளைகளில் விடை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எழுதியவன் மேலுலகில் இல்லை; மாநகராட்சி அலுவலகத்தில், விரித்து வைத்த வரைபடத்தின் முன், கையில் எழுதுகோலோடு உட்கார்ந்திருக்கிறான்!

இதற்குச் சான்றாக ஒரு வட்டத்தின் வரலாற்றைக் காண்போம். வட்டம் என்றால் கோட்டைக் கொத்தளமல்ல, பேரரசுமல்ல. மாநகர் மன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் சிறு தொகுதி. அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் ஒன்பதாவது வட்டம் அது. அங்கே நடந்ததைப் படித்தால், பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும். அதைப் பெறுவது எத்தனை கடினம், பெற்றதைக் காப்பது அதைவிட எத்தனை கடினம் என்பதும் விளங்கும்.

அந்நகர் 1781ஆம் ஆண்டு தோன்றியது. தோற்றுவித்தவர் 44 பேர், பதினொரு குடும்பங்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்கக் குருதி கலந்தவர்கள். மற்றவர்களிலும் பெரும்பாலோர் செவ்விந்தியரும் கலப்பினத்தவருமே. கறுப்பரும் மெக்சிகரும் எங்கிருந்தோ வந்து புகுந்தவர்கள் என்று பிற்காலத்தில் மார்தட்டியவர்கள், தாம் வாழும் ஊரின் பிறப்பை அறியாதவர்கள்! 1848இல் மெக்சிக நாடு போரில் தோற்றுக் கலிபோர்னியாவை இழந்தது. 1850இல் அது அமெரிக்க மாநிலமாயிற்று. இருப்புப்பாதை வந்தது; வெள்ளையர் வெள்ளமெனக் குடியேறினர். ஊரின் மூத்த குடியினர் மன்றத்திலிருந்து மெல்ல மெல்ல மறைந்தனர். 1881க்குப் பிறகு ஒரு மெக்சிக மரபினர்கூட அம்மன்றத்தில் அமரவில்லை. அடுத்தவர் நுழைந்தது 1949இல். இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்! பேரன் பேத்தி எடுக்கும் காலம்வரை ஒரு மக்கள் கூட்டம் தன் ஊரின் மன்றத்திலே ஊமையாயிருந்தது.

எவ்வாறு இது நடந்தது? வாக்குரிமை இல்லாமலா? இல்லை, சட்டப்படி குடியுரிமை பெற்றவர்க்கு வாக்கு இருந்தது. சூழ்ச்சி முறையிலே இருந்தது. 1909 முதல் 1925 வரை நகர் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தது. ஒன்பது உறுப்பினர்கள், ஒவ்வொருவரையும் ஊர் முழுதும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதல்லவா? ஊரே சேர்ந்து ஊரார் அனைவர்க்கும் பொதுவானவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நல்ல முறை என்று நல்லவர்களும் எண்ணினர். ஆனால் கணக்கைப் பாருங்கள். நூற்றில் அறுபது பேர் ஒரு பக்கம் நின்றால், ஒன்பது இடங்களும் அந்த அறுபது பேருக்கே. நாற்பது பேருக்கு ஓர் இடமும் இல்லை. பொது என்ற பெயரில் பெரும்பான்மை முழுவதையும் விழுங்கும் முறை அது.

1925இல் புதிய நகர்ச் சாசனம் நடைமுறைக்கு வந்தது. நகர் பதினைந்து வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டத்திற்கு ஓர் உறுப்பினர். ஓரிடத்தில் நெருங்கி வாழும் சிறுபான்மையோர்க்கு ஒரு கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே நுழைய இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஒன்பதாவது வட்டத்தில் அன்று வாழ்ந்தோர் யார்? நகரின் நடுப்பகுதி, பங்கர் ஹில் மேடு, சீனர் தெரு, ஜப்பானியர் வாழ்ந்த லிட்டில் டோக்கியோ, ஆற்றின் கீழ்க்கரையில் பாயில் ஹைட்ஸ், தெற்கே கறுப்பரின் சென்ட்ரல் அவென்யூ ஆகியவை அதில் அடங்கின. மெக்சிகர், யூதர், ஜப்பானியர், கறுப்பர், இத்தாலியர் என்று பல மக்கள் அருகருகே வாழ்ந்தனர். அன்பால் கூடியவர்களா? அன்பு பிறகு வந்தது. முதலில் கூட்டி வைத்தது பகை. நகரின் நல்ல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதியிருப்பார்கள்: இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவர்க்கு விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்று. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. அதுவரை அக்கிரகாரமும் சேரியும் நம் நாட்டிலே மட்டுந்தான் என்று எண்ணியிருந்தவர்கள், அந்நாட்டுப் பத்திரங்களைப் பார்த்திருக்கலாம்! 1942இல் போரைக் காரணம் காட்டி ஜப்பானிய மரபினரை முள்வேலி முகாம்களுக்கு அனுப்பினர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில், போர்த் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக் குடியேறினர். வேறெங்கும் அவர்களுக்கு இடம் கொடுப்பாரில்லை.

இந்த வட்டத்தின் உறுப்பினராக 1939 முதல் இருந்தவர் பார்லி கிறிஸ்டென்சன் என்ற வெள்ளையர். இடையில் ஈராண்டு நீங்கலாக, 1935இலிருந்தே அவர்தான். அவரைக் கொடியவர் என்று சொல்ல நாம் முற்படவில்லை. 1920இல் உழவர் தொழிலாளர் கட்சியின் சார்பில் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டவர் அவர், முற்போக்காளர். ஆனால், ஏழைக்காகப் பேசும் நல்லவர் ஒருவர் இருப்பதும், ஏழையே எழுந்து பேசுவதும் ஒன்றாகுமா? பசித்தவனுக்காகப் பரிந்து பேசுபவன் மாலையில் உண்ணச் சென்றுவிடுவான். பசித்தவனோ பசியோடே மன்றத்திற்கு வருவான். இந்த வேறுபாட்டைத்தான் ஒன்பதாவது வட்டம் உலகுக்குக் காட்டியது.

எட்வர்டு ராய்பால் 1916இல் பிறந்தவர். பாயில் ஹைட்சில் வளர்ந்தவர். காசநோய் ஒழிப்புச் சங்கத்தில் நலக்கல்விப் பணியாற்றியவர். வீடு வீடாகச் சென்று இருமலோடு வாழும் மக்களைக் கண்டவர். காற்றில்லா அறையும் சாக்கடைத் தெருவும் இருக்கும்வரை மருந்து மட்டும் என்ன செய்யும் என்ற வினா அவரை அரசியலுக்கு இழுத்தது. 1947இல் மன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார்.

தோற்றபின் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம். விதியை நொந்தாரா? வேண்டுதல் செய்தாரா? வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்! தம் மக்களில் பெரும்பாலோரின் பெயர் அதில் இல்லை. அந்நாட்டில் அன்று வாக்குரிமை இருந்தால் மட்டும் போதவில்லை. தானே முன்வந்து பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பதிவு செய்யும் அலுவலகமோ தொலைவில். அலுவலரோ முகம் சுளிப்பவர். ராய்பாலும் நண்பர்களும் சமுதாயத் தொண்டு அமைப்பு என்ற ஒன்றைத் தொடங்கினர். மக்களை ஒன்றுதிரட்டும் கலையில் வல்லவரான சால் அலின்ஸ்கியின் நிறுவனம் அனுப்பிய பிரெட் ராஸ் என்பவர் துணை நின்றார். அவர்கள் மேடை போட்டு முழங்கவில்லை. ஒரு வீட்டின் கூடத்தில் பத்துப் பேரைக் கூட்டினர். அந்தப் பத்துப் பேரும் தத்தம் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டினர். தொண்டர்களே பதிவு அலுவலரின் துணைவர்களாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு, வாயில்தோறும் பதிவேட்டைக் கொண்டு சென்றனர். சலவைக்காரியின் வீட்டு வாயிலுக்கு அரசாங்கத்தின் ஏடு நடந்து வந்தது! ஏறத்தாழ 15,000 பேர் புதிய வாக்காளராயினர்.

1949இல் ராய்பால் வென்றார். மெக்சிகர் வாக்கு மட்டுமா வென்றது? அவ்வட்டத்தில் அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர். யூதத் தொழிலாளியும், கறுப்பினத் தோழரும், முகாமிலிருந்து மீண்ட ஜப்பானியரும் சேர்ந்து போட்ட வாக்கு அது. பகைவர் ஒரே மூலையில் தள்ளி வைத்தவர்கள், அந்த மூலையையே பாசறையாக்கிக் கொண்டனர்.

மன்றத்தில் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். மெக்சிக மொழி பேசுவோரின் சார்பில் வந்துள்ள மெக்சிக மொழி உறுப்பினர் என்று அவரை அறிமுகப்படுத்தினராம். மெக்சிக மொழி என்று ஒரு மொழி உலகில் இல்லை. அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி. தாம் அமெரிக்காவிலே பிறந்த குடிமகன் என்பதையும், ஒரு மொழியின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு மக்களை அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதையும் ராய்பால் அமைதியாக எடுத்துரைத்தார். மன்ற உறுப்பினரான பிறகும், அவர் வீடு வாங்கச் சென்றபோது மெக்சிகருக்கு விற்பதில்லை என்ற விடையே கிடைத்தது. பதவி வந்தது, இழிவு போகவில்லை!

வேலை தருவதில் இன வேறுபாடு காட்டக் கூடாதென்று சட்டம் செய்ய முயன்றார், மன்றம் தோற்கடித்தது. 1950இல், கம்யூனிஸ்டுகள் காவல்துறையிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் மன்றத்திற்கு வந்தது. நாடெங்கும் அச்சம் பரவியிருந்த காலம். எதிர்த்துக் கை தூக்கினால் அரசியல் வாழ்வு முடிந்தது என்று நண்பர்கள் எச்சரித்திருப்பர். மன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர்: ஒன்பதாவது வட்டத்தின் உறுப்பினர். வட்டத்து மக்கள் அவரைக் கைவிட்டனரா? அடுத்த தேர்தலில் மீண்டும் அனுப்பி வைத்தனர். பிறருடைய பதிவேட்டில் சந்தேகத்திற்குரியவர்களாக வாழ்ந்து பழகியவர்களுக்கு, பதிவேடு எத்தகைய ஆயுதம் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பாயில் ஹைட்சின் நடுவே விரைவுச் சாலை வெட்ட வந்தபோது எதிர்த்தார். சாவேஸ் பள்ளத்தாக்கிலே ஏழை மெக்சிகக் குடும்பங்களை, அரசு வீடுகள் கட்டப் போகிறோம் என்று சொல்லி வெளியேற்றினர், வீடுகள் எழவில்லை, நிலம் பேஸ்பால் ஆட்டக் குழுவின் கைக்குப் போயிற்று. 1959 மே மாதத்தில் எஞ்சியிருந்த குடும்பத்தைக் காவலர் தூக்கி வெளியேற்றியபோது, மன்றத்தில் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தார். சாலையும் வந்தது; ஆட்ட அரங்கும் எழுந்தது. ஒருவரின் குரல் பெரும்பான்மையின் கைகளை வெல்லவில்லை. ஆயினும் அக்குரல் இல்லாதிருந்தால், அந்த அநீதி அநீதி என்று பதிவாகியே இருக்காது.

1962இல் ராய்பால் நாட்டின் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்ற இடம் காலியாயிற்று. 1963 ஜனவரியில் மன்றம் அவ்விடத்திற்கு ஒருவரை அமர்த்தியது. அவர் கில்பர்ட் லிண்ட்சே, கறுப்பினத்தவர். நகரின் நீர் மின் துறையில் கட்டடம் துப்புரவு செய்யும் வேலையில் தொடங்கியவர்; தேர்வெழுதி எழுத்தராகி உயர்ந்தவர். அந்நகர் மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின உறுப்பினர் அவரே. அதே ஆண்டில் வேறு இரு வட்டங்களிலிருந்து டாம் பிராட்லியும் பில்லி மில்சும் வென்று வந்தனர். நகரைத் தோற்றுவித்தவர்களின் மரபினர்க்கு மன்றக் கதவு திறக்க 182 ஆண்டுகள்!

மகிழ வேண்டிய செய்திதான்; மகிழ்கிறோம். ஆனால் நாணயத்தின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். மெக்சிகரின் ஒரே இடம் போயிற்று. அடுத்த மெக்சிக மரபினர் அம்மன்றத்தில் நுழைந்தது 1985இல். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் மௌனம்! கறுப்பர்மீது இதற்குப் பழி சுமத்துவோர் உண்டு. அது மடமை. பதினைந்து நாற்காலிகள் உள்ள மன்றத்தில், நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இரு மக்களை ஒரே நாற்காலிக்கு மோதவிட்டது யார்? மற்ற நாற்காலிகளில் அசையாது அமர்ந்திருந்தவர்கள் அல்லவா? இரு ஏழைகள் ஓர் ரொட்டித் துண்டுக்குச் சண்டையிட்டால், அடுமனைக்காரனை யாரும் கேட்பதில்லை.

லிண்ட்சே 27 ஆண்டுகளுக்கு மேல் பதவியிலிருந்தார். மாபெரும் ஒன்பதாவது வட்டத்தின் பேரரசர் என்று தம்மைத்தாமே அழைத்துக் கொண்டார். அவர் காலத்தில் நகரின் நடுப்பகுதியில் வானளாவிய மாளிகைகள் எழுந்தன. மாநாட்டு மண்டபம் வளர்ந்தது. வட்டத்தின் வடபால் வங்கிகளும் தென்பால் வறுமையும் என்ற நிலை உருவாயிற்று. கூட்டித் துடைக்கும் வேலையிலிருந்து அவர் உயர்ந்தது பெருமை. ஆனால் மாளிகை முதலாளிகள் தரும் தேர்தல் நிதி ஒரு காதிலும், தென்பால் ஏழையின் குறை மறு காதிலும் விழும்போது, எந்தக் காது முதலில் கேட்கும்? நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்பதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், நாற்காலியே அவரை ஆளத் தொடங்கிவிடும். 1990 டிசம்பரில், பதவியிலிருக்கும்போதே அவர் மறைந்தார்.

இதற்கிடையே கோடுகள் மாறின. பாயில் ஹைட்ஸ் பதினான்காம் வட்டத்திற்குச் சென்றது. மெக்சிக மரபினர் மிகுந்த அவ்வட்டத்திலும் 1967 முதல் 1985 வரை உறுப்பினர் வெள்ளையரே. 1982இல் வகுத்த எல்லைகள் லத்தீன் அமெரிக்க மரபினரின் வாக்கு வலிமையைச் சிதறடிக்கின்றன என்று 1985இல் அந்நாட்டு நீதித்துறையே மாநகர்மீது வழக்குத் தொடுத்தது. 1986இல் புதிய எல்லைகள் வகுக்கப்பட்டன. 1987இல் குளோரியா மொலினா முதல் வட்டத்திலிருந்து வென்று, அம்மன்றத்தின் முதல் லத்தீன் மரபுப் பெண் உறுப்பினரானார். பாருங்கள்: வாழ்ந்த மக்கள் அவர்களே, வாழ்ந்த தெருக்களும் அவையே. மாறியது கோடு; பிறந்தது குரல்!

ஒன்பதாவது வட்டத்தில் 1991இல் ரீட்டா வால்டர்ஸ் வென்றார். மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினப் பெண்மணி. 2001 முதல் 2013 வரை ஜான் பெர்ரி அம்மையார். 2012இல் மீண்டும் கோடு மாறியது. நடுநகரின் மாளிகைப் பகுதியில் பெரும்பகுதி பதினான்காம் வட்டத்திற்குச் சேர்க்கப்பட்டது. பேரரசர் ஆண்ட வட்டம், பொன் விளைந்த வயலை இழந்து, நகரின் மிக வறிய வட்டங்களுள் ஒன்றாயிற்று. 2013இல் கரன் பிரைஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2017இலும் 2022இலும் மீண்டும் வென்றார். அவரும் கறுப்பினத்தவரே.

ஆனால் வட்டத்தின் மக்கள்? தென்பகுதியின் ரப்பர், மோட்டார் தொழிற்சாலைகள் மூடப்பட்டபின், வீட்டுத் தடைகள் தளர்ந்தபின், கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேறின. மெக்சிகோவிலிருந்தும், உள்நாட்டுப் போரால் நொந்த எல்சால்வடார், குவாத்தமாலா நாடுகளிலிருந்தும் ஏழை மக்கள் வந்து குடியேறினர். இன்று வட்டத்து மக்களில் முக்கால் பங்கிற்கும் மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க மரபினர். பின் ஏன் அவர்கள் மரபினர் வெல்லவில்லை? தொகுதி தலைகளை எண்ணி வரையப்படுகிறது. வாக்கோ குடியுரிமை பெற்ற, வயது வந்த, பெயர் பதிந்தவர்க்கே. வட்டத்தில் வாழ்பவரும் உழைப்பவரும் வரி கொடுப்பவரும் பலர்; வாக்களிப்பவர் சிலர். 1947இல் ராய்பால் கண்ட அதே பட்டியல், அதே வெற்றிடம்!

அப்படியானால் கறுப்பினத்தவர் அவ்விடத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா? நாம் அவசரப்பட்டு விடை கூறமாட்டோம். நெடும் போராட்டத்தால் பெற்ற இடம் அது. நகரில் அவர்கள் தொகை குறைந்து வருகிறது. உள்ளதும் போனால் என்ன செய்வது என்ற அவர்தம் அச்சம் பொய்யன்று. முக்கால் பங்கு மக்கள் தம் மொழியில் தம் குறை கேட்கும் ஒருவரை விரும்புவதும் தவறன்று. இரண்டு நியாயங்கள் மோதும்போது, மோதும் களத்தை ஆராய வேண்டும்.

களத்தை ஆராய்வோம். 1930இல் அந்நகரின் மக்கள் தொகை 12 லட்சத்து 38 ஆயிரம். உறுப்பினர் 15. ஓர் உறுப்பினர்க்கு ஏறத்தாழ 82,000 பேர். 2020இல் மக்கள் தொகை 38 லட்சத்து 98 ஆயிரம். உறுப்பினர் அதே 15! ஓர் உறுப்பினர்க்கு ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். 27 லட்சம் மக்கள் வாழும் சிகாகோவுக்கு 50 உறுப்பினர், நியூயார்க்குக்கு 51. ஊர் மும்மடங்கு வளர்ந்தது. மன்றம் ஓர் அங்குலமும் வளரவில்லை. கூரையை உயர்த்தாமல், உள்ளே நிற்பவர்கள் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள் என்று குறை சொல்வது என்ன நீதி?

கோடு வரைந்தவர் யார் என்ற வினாவுக்கு வருவோம். வரைந்தது மன்றமே, தாம் நிற்கும் தொகுதியின் எல்லையைத் தாமே முடிவு செய்தனர். வாக்காளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது போய், பிரதிநிதி வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும் விந்தை! 2021இல் எல்லை வகுப்புப் பற்றி மன்றத் தலைவரும் இரு உறுப்பினர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் பேசிய தனிப்பேச்சின் ஒலிப்பதிவு 2022 அக்டோபரில் வெளிவந்தது. எந்த வட்டத்திற்கு எந்தச் சொத்து, எவர் வலிமையை எங்கே குறைப்பது என்ற பேரம். இடையே கறுப்பரையும் பிறரையும் இழிக்கும் சொற்கள். பேசியவர்கள் யார்? முன்னாள் ஒதுக்கப்பட்ட லத்தீன் அமெரிக்க மரபினரே! ஒடுக்கப்பட்டவன் எழுதுகோலைக் கைப்பற்றியவுடன் ஒடுக்கியவனின் கையெழுத்தையே பழகிக்கொண்டால், விடுதலை எங்கே? மன்றத் தலைவர் பதவி விலகினார். 2024 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து, எல்லை வகுக்கும் உரிமையை மன்றத்திடமிருந்து பிரித்துத் தனிக் குழுவிடம் ஒப்படைக்கும் சாசனத் திருத்தத்தை நிறைவேற்றினர். எழுதுகோலைப் பிடுங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று!

தோழர்களே! ஒரு வட்டத்தின் கதை இது. ஆனால் வரைபடம் இருக்கும் ஊரெல்லாம் இக்கதை உண்டு. இடம் கிடைப்பது முதற் படி. அந்த இடம் எவருக்காகப் பேசுகிறது என்று கண்காணிப்பது அடுத்த படி. அந்த இடத்தின் எல்லையை எவர் வகுக்கிறார் என்று கேட்பது மூன்றாம் படி. முதற்படியிலே மாலை சூட்டி, வெற்றி முழக்கமிட்டு வீடு திரும்பியவர்கள், பிந்தைய படிகளிலே தோற்றார்கள்.

நம் கையில் இருப்பது என்ன? ராய்பாலின் தோழர்கள் ஏந்தியது வாளுமல்ல, வேலுமல்ல, ஒரு பதிவேடு. அதைத் தூக்கிக்கொண்டு சலவைக்காரியின் வாயிலுக்கு நடந்தார்கள். நம் தெருவின் வாக்காளர் பட்டியலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நம் வட்டத்தின் எல்லை எந்தத் தெருவில் தொடங்கி எந்த ஓடையில் முடிகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? இன்று மாலை மன்றத்திற்கு வரும் தோழர் ஒவ்வொருவரும் தம் வட்டத்தின் வரைபடத்தைத் தேடி எடுத்து வரட்டும். அதை விரித்து வைத்துக்கொண்டு, தலையெழுத்து என்று நம் பாட்டன் சொன்னதை, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்போம்.